மதிய இடைவெளியில் எடுத்த படம்

எங்கள் ஸ்கேன் பிரிவுக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. முன்பதிவு செய்து, வெறும் வயிற்றோடு வந்து, கூடத்து நாற்காலியில் தங்கள் முறைக்காகத் தவம் கிடக்கிறவர்கள் ஒரு வகை. பின்வாசல் வழியாக வந்து, மதியம் ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவே படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் 'நம்ம ஆளு'. நர்ஸின் நாத்தனார், மருந்துக் கிடங்குக்காரரின் மாமனார், லிஃப்ட் இயக்குகிறவரின் மனைவி எல்லோரும் நம்ம ஆளுதான். சாப்பாட்டுக்காக ஒதுக்கிய அந்த அரை மணி நேரத்தில் இயந்திரம் சும்மாதானே கிடக்கிறது என்று அவர்களை உள்ளே தள்ளிவிடுவோம். வரிசை எண் கிடையாது, காத்திருப்பு கிடையாது. பதினெட்டு வருடமாக எம்ஆர்ஐ டெக்னீஷியனாக இருக்கிறேன். இந்த உபகாரத்தை எத்தனையோ பேருக்குச் செய்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். என் தங்கைக்கும் செய்தேன்.

வீட்டில் என்னை டாக்டரம்மா என்பார்கள். நான் டாக்டர் இல்லை. படம் எடுக்கிறவள், அவ்வளவுதான். படத்தைப் படித்துச் சொல்வதற்கு வேறு ஒருவர் இருக்கிறார், அவர்தான் டாக்டர். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்துவேன். ஆனால் வெள்ளைக் கோட்டோடு வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் புரியாது. யாருக்குக் கால் வீங்கினாலும் என்னைக் கேட்பாள். நான் சொல்வதுதான் தீர்ப்பு. அந்த மரியாதை எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

தங்கைக்குக் கிடைத்த பட்டம் நாடகக்காரி. எட்டு வயதில் ஒரு கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்ததும் எழுந்து கயிறு தாண்டி விளையாடினாள். செய்தது ஒரே ஒரு நாள். அம்மா அதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் முப்பத்தாறு வயதில் அவளுக்கு நிஜமாகவே வயிற்று வலி வந்தபோது வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலி வலது பக்கம், தொப்புளுக்குக் கீழே. சாப்பிட்ட அரை மணியில் முறுக்கும். ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டும். வேறு வேலையில் இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பாள். அவள் இருந்தது உடை தைக்கிற தொழிற்சாலையில், சட்டைக் காலர் வைக்கிற வரிசையில். அங்கே வரிசைக்கு முப்பது பெண்கள், முப்பது பேருக்கும் சேர்த்து இரண்டு அட்டைகள். ஆணியில் தொங்குகிற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக முடியும், போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார். இவள் ஒருத்தியே ஓர் அட்டையை வைத்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து மெஷின்காரி இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வரிசையின் கணக்கு குறைகிறது என்று மேற்பார்வையாளர் கத்தினார். கடைசியில் நிர்வாகத்தில் கூப்பிட்டு, நோய் இருக்கிறது என்று டாக்டரிடம் காகிதம் வாங்கி வா, தனி அனுமதி தருகிறோம், இல்லையென்றால் வரிசையை விட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, அவளுக்கு வேண்டியது ஒரு காகிதம். உனக்கு நோய் இருக்கிறது என்று சொல்கிற ஒரு காகிதம்.

எங்கள் ஆஸ்பத்திரியின் குடல் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. சிறுகுடலின் வால் பகுதிக்குள் குழாய் போகவில்லை. இந்த மாதிரி அழற்சி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும், எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார். முன்பதிவு ஏழு வாரம் தள்ளிக் கிடைத்தது. தொழிற்சாலை கொடுத்திருந்த கெடு இரண்டு வாரம். நான் இருக்கும்போது நீ ஏன் வரிசையில் நிற்கிறாய் என்று தங்கையிடம் சொன்னேன். சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

குடலைப் படம் எடுப்பது மண்டையைப் படம் எடுப்பது போல இல்லை. குடல் வெறுமனே கிடந்தால் தண்ணீர் வராத ரப்பர் குழாய் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எது தடிப்பு, எது மடிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மானிட்டால் கலந்த தண்ணீரைக் குடிக்க வைப்போம். அரை லிட்டர் பாட்டில் மூன்று, ஐம்பது நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பை. திகட்டத் திகட்ட இனிக்கும், பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தத் தண்ணீர் உறிஞ்சப்படாமல் குடலை நிரப்பி விரித்துக்கொண்டே கடைசி வரைக்கும் போகும். பிறகு குடல் நெளியாமல் இருக்க ஓர் ஊசி. அதற்குப் பிறகுதான் படம். முன்வாசல் வழியாக வருகிற ஊர் பேர் தெரியாத மனிதருக்கு இதையெல்லாம் ஒரு சொட்டு குறையாமல் செய்வோம்.

நம்ம ஆளுக்கு அரை மணி நேரம்தானே. தங்கை அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மணிக்கு மூச்சிரைக்க வந்தாள், இரண்டரைக்குத் திரும்பவும் மெஷினில் உட்கார வேண்டும். தண்ணீரைக் கலந்து கொடுக்கிற நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். காலையில் யாரோ மிச்சம் வைத்த பாட்டில் ஒன்று மேசையில் இருந்தது. அதைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கோப்பை குடித்ததும் குமட்டுகிறது என்றாள், போதும் விடு என்றேன். ஊசி போட ஆள் இல்லை. அதனாலென்ன என்று மேசையில் படுக்க வைத்தேன். அவள் மூச்சை நிறுத்தச் சொன்ன நேரத்தில் சரியாக நிறுத்தினாள், பாவம், தன் பக்கத்து வேலையை ஒழுங்காகச் செய்தாள்.

திரையில் படம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குடல் முழுக்கச் சுருங்கிக் கிடந்தது. கடைசிப் பகுதியில் ஏதோ தடிப்பாக இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மணி ஒன்று இருபத்தெட்டு. ஒன்றரைக்கு அடுத்த ஆள் கதவுக்கு வெளியே நின்றார்.

மறுநாள் அறிக்கை வந்தது. படம் படிக்கிற டாக்டர் நேர்மையான மனிதர். கடைசியில் 'குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் தென்படவில்லை' என்று எழுதியிருந்தார். அதற்கு மேலே, 'சிறுகுடல் போதுமான அளவு விரியவில்லை, கடைசிப் பகுதியைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலாது, முறையான தயாரிப்போடு மறுபடி எடுப்பது நல்லது' என்றும் எழுதியிருந்தார். தங்கை அந்த வரியில் விரலை வைத்து, இது என்ன அக்கா என்று கேட்டாள்.

"அது எல்லாருக்கும் போடுறதுதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது, கேவலமான பதில். அந்த மாதம்தான் படம் படிக்கிற டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, மதிய இடைவெளியில் யாரையும் படுக்க வைக்கக் கூடாது, அடுத்த தடவை பார்த்தால் எழுத்துப்பூர்வமாக மேலே அனுப்புவேன் என்று எச்சரித்திருந்தார். மறுபடி எடுக்க வேண்டுமென்றால் முதல் படம் ஏன் கெட்டது என்று அவரிடம் நான் போய் நிற்க வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். குடல் டாக்டர் வராந்தாவில் என்னைப் பார்த்து, உங்க தங்கச்சி ரிப்போர்ட் என்னம்மா ஆச்சு என்று நடந்துகொண்டே கேட்டார். நார்மல் சார் என்றேன். உள் ஆள் சொன்னதால் அவர் காகிதத்தைக் கேட்கவில்லை. அப்படியென்றால் நரம்புத் தளர்ச்சிதான், மாத்திரை தருகிறேன் என்று போய்விட்டார்.

தொழிற்சாலையில் கடைசி வரியை மட்டும் படித்தார்கள். கோளாறு இல்லை என்று அரசாங்க முத்திரை குத்தின மாதிரி எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன? தங்கையைக் காலர் வரிசையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டுகிற இடத்தில் போட்டார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை, கழிப்பறை கட்டடத்தின் மறு கோடியில். அவள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பிட்டால்தானே ஓட வேண்டும்? காலையிலும் மதியமும் சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

வாரக் கடைசியில் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவது வழக்கம். நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. ஒரு நாள் தங்கை தட்டில் போட்டதை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். அம்மா ஆரம்பித்தாள். ஆக்கிப் போட்டதை இப்படிச் சித்திரவதை பண்ணாதே, பேய் பிடித்தவள் மாதிரி இளைத்துப் போய் நின்றால் மாப்பிள்ளையைத்தான் ஊர் பேசும் என்றாள். மாப்பிள்ளை, பேருந்து ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவரும் அன்றைக்கு, ஸ்கேனிலேயே ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, இவளாக நினைத்துக்கொள்கிறாள் என்று சொன்னார். டாக்டரம்மா சொல்லட்டும் என்று அம்மா என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார். தங்கையும் பார்த்தாள்.

"மனசுதான் காரணம். அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத, சரியாயிரும்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். தட்டில் இருந்த அத்தனையையும் சாப்பிட்டாள். பிறகு பின்பக்கம் போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டவள் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. அம்மா கைகழுவிக்கொண்டே, ஆரம்பிச்சுட்டா என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வராமலே தெரிந்திருந்தது. தெரிந்தும் நான் தட்டை நக்காத குறையாக வழித்துச் சாப்பிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து அவள் பெட்டிகளுக்கு நடுவே விழுந்தாள். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தாள். கூட வேலை செய்கிறவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எடை முப்பத்தெட்டு கிலோ. நாலு நாள் நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றி, வாந்தி நின்ற பிறகு, குடல் டாக்டர் மறுபடி எம்ஆர்ஐ எழுதினார். இந்தத் தடவை முன்வாசல் வழியாக, காலை முதல் ஆளாக.

அவளைக் குடிக்க வைக்க நானே உட்கார்ந்தேன். அவசரமில்லை, ஒன்றரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கோப்பைக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை, போன தடவை இவ்வளவு குடுக்கலியே அக்கா என்று கேட்டாள். நான் காதில் விழாதது போல அடுத்த கோப்பையை ஊற்றினேன்.

குடல் விரிந்து படம் பளிச்சென்று வந்தது. படிக்கத் தெரியாத எனக்கே பாடம் மாதிரி தெரிந்தது. சிறுகுடலின் கடைசியில் ஒரு சாண் நீளத்துக்குச் சுவர் தடித்து, உள்வழி நூல் போலச் சுருங்கியிருந்தது. அதற்கு முன்னால் இருக்கிற பகுதி அடைத்த வாய்க்கால் போல ஊதியிருந்தது. பக்கத்துக் குடலுக்கு ஒரு துளை போயிருந்தது. படம் படிக்கிற டாக்டர் எழுந்து வந்து என் பின்னால் நின்றார். பழைய படத்தை எடுக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதை யாரு எடுத்தது? குடிக்கவே வைக்கலியா?"

நான்தான் என்றேன். மதியம் எடுத்தது என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோய் அப்போதே இருந்திருக்கும், ஆனால் இந்தப் பழைய படத்தை வைத்து யாரும் சத்தியம் பண்ண முடியாது என்றார். அப்போதே தெரிந்திருந்தால் மருந்திலேயே கட்டுப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், இனிமேல் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். உங்க தங்கச்சிதானே என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தங்கை உடை மாற்றுகிற அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனதும் என் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கா?"

"இருக்கு."

அவள் சிரித்தாள். எத்தனை மாதமாகிவிட்டது அவள் அப்படிச் சிரித்து. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பெயர் என்ன என்று கேட்டாள், கிரோன் நோய் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். தானும் சொல்லிப் பார்த்தாள். பேரு இருக்கு, பேரு இருக்கு அக்கா என்றாள். பெரிய வியாதி என்று தெரிந்துகொண்டு ஒரு பெண் இத்தனை சந்தோஷப்பட்டதை நான் என் வேலையில் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன், நல்ல மனசால் இல்லை. மிச்சம் வைத்த பாட்டில், போடாத ஊசி, அவள் விரல் வைத்துக் கேட்ட வரி, வராந்தாவில் சொன்ன நார்மல், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் பொய் சொல்லலன்னு உனக்குத் தெரியும்."

"உறுதியாத் தெரியாது."

"சந்தேகமாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அன்னிக்கு அம்மா கேட்டப்ப?"

"அப்பவும் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு, அவிழ்த்துச் சரியாகப் போட்டாள். குடல் போனால் போகிறது, வெட்டிவிட்டுத் தைக்கத்தானே போகிறார்கள், தையல் எனக்குப் புதிதா என்றாள். பிறகு சொன்னாள்: "ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டுல இதச் சொல்லு. எல்லாரும் இருக்கணும். நானும் இருக்கணும்."

அறுவைக்கு முந்தைய நாள் அவளை நாலு மணி நேரம் வீட்டுக்குப் போய்வர அனுமதித்தார்கள். அம்மா நாற்காலியில் இருந்தாள், மாப்பிள்ளை வாசல் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றார், தங்கை கட்டிலில் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான் என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் நடிக்கவில்லை, எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது, என் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன், என்னால்தான் இன்றைக்கு அவள் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா எழுந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அருகில் வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"நீ என்னடி பண்ணுவ? ஒத்த ஆளா அத்தனை பேரைப் பாக்குற. அந்த அவசரத்துலயும் கூடப் பொறந்தவளுக்குன்னு செஞ்ச. அத நினைச்சுப் பாக்கணும்ல?"

மாப்பிள்ளையும், மனசுல வச்சுக்காதீங்க அண்ணி, யாருக்கும் நடக்கிறதுதான் என்றார். அம்மா என்னை உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே, இவளும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும், சும்மா வலிக்குது வலிக்குதுன்னா யாருக்கு என்ன தெரியும் என்றாள். நான் சொன்னது அவர்கள் காதில் விழவே இல்லையோ என்று திரும்பவும் ஆரம்பித்தேன். விடு, விடு, உடம்பைக் கெடுத்துக்காதே என்று இரண்டு பேரும் என்னை அடக்கினார்கள். கட்டிலின் பக்கம் யாரும் போகவில்லை.

தங்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக எழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளைப் பையில் வைக்க ஆரம்பித்தாள். நான் உதவிக்கு எழப் பார்த்தேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"ஒன்றரை வருஷமா வலிக்குதுன்னு சொன்னேன், ஒருத்தரும் நம்பல. நீ ஒரு தடவ அழுத, உடனே மன்னிச்சுட்டாங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு நீ வராத அக்கா. கண்ணு முழிச்சதும் எனக்கு வலிக்கும். அப்ப யார்கிட்டயும் நிரூபிக்க என்னால முடியாது."

என் முதுகிலிருந்து அம்மா கையை எடுத்தாள். இத்தனை செய்த அக்காவிடம் பேசுகிற பேச்சா இது என்று அவளைத்தான் அதட்டினாள்.